‘நாங்கதான் நம்பர் ஒன்!’: பண்பலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

சென்னையில் ஒரு தனியார் பண்பலை நிலையத்தில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும்: “சென்னையின் நம்பர் ஒன் ஸ்டேஷன்.” ஜிங்கிளில் அது இருக்கும். வரவேற்பறைச் சுவரில் இருக்கும். விற்பனைப் பிரிவுத் தம்பியின் லேப்டாப்பில் முதல் ஸ்லைடே அதுதான். நாலு தெரு தள்ளியிருக்கும் போட்டி நிலையத்துக்குப் போனால் அங்கேயும் அதே வாக்கியம், வேறு நிறத்தில். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மைக்கின் முன்னாலும் பிறகு நிகழ்ச்சிப் பொறுப்பிலும் இருந்து ஓய்ந்தவன் நான். புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் குரலைப் பற்றித்தான். குரல் பழகப் பழக வந்துவிடும். எண்களைப் பற்றி மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. மாதக் கூட்டத்தில் ஒரு தாளைக் காட்டி ஒருவரைப் பாராட்டுவார்கள், இன்னொருவரின் நேரத்தை மாற்றுவார்கள். அந்தத் தாள் எப்படி வந்தது என்று தெரியாமலேயே பலர் பத்து வருஷம் ஓட்டிவிடுகிறார்கள்.

1. யாராவது ‘நம்பர் ஒன்’ என்றால், ‘எதில்?’ என்று கேளுங்கள்.

தொலைக்காட்சிக்கு ரேட்டிங் எடுக்க பார்க் என்ற அமைப்பு இருக்கிறது. வியாழக்கிழமையானால் பட்டியல் வந்துவிடும். பிடிக்கிறதோ இல்லையோ, எல்லாச் சேனலும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறது. வானொலிக்கு அப்படி நாடு தழுவிய ஒரே கணக்கு கிடையாது. டாம் நிறுவனம் 2007இல் தொடங்கிய ‘ராம்’ அளவீடு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என்ற நான்கு நகரங்களை மையமாக வைத்தது. சென்னை அதில் இல்லை. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலாகத் தொடங்கிய ஊர் சென்னை, 1977 ஜூலை 23இல். 2003இல் சூரியனும் மிர்ச்சியும் இங்கே வந்தன. 2006 வாக்கில் ஹலோ, பிக், ரேடியோ சிட்டி, ஆஹா என்று கூட்டம் கூடிவிட்டது. ஆட்டம் சூடுபிடித்தது, ஸ்கோர் எழுத மட்டும் பொதுவான ஆள் இல்லை.

அதனால் இங்கே ஆளுக்கொரு தாள். இந்திய வாசகர் ஆய்வில் வானொலியைப் பற்றியும் கேட்பார்கள். அதிலிருந்து ஒருவர் தனக்குச் சாதகமான வரியை எடுப்பார். அந்த ஆய்வும் 2019க்குப் பிறகு பல வருஷம் வரவில்லை. இன்னொருவர் தானே காசு கொடுத்து ஒரு ஆய்வு நிறுவனத்தை வைத்துக் கேட்கச் சொல்வார். காசு கொடுத்தவர் தோற்றதாக வந்த அறிக்கை வெளியே வருமா? விளம்பரப் பலகையில் ‘நம்பர் ஒன்’ என்ற எழுத்துக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், பாருங்கள். அடியில் எறும்பு அளவில் ‘ஆண்கள், 25 முதல் 34 வயது, மாலை 5 முதல் 9 வரை’ என்பது போல எழுதியிருக்கும். நிலையத்தின் உண்மையான கதை அந்த எறும்பு எழுத்தில்தான் இருக்கிறது. அதை முதலில் படியுங்கள்.

2. கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

எக்செல் வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். ஒரு ஊரில் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் பேரும் சேர்ந்து வாரத்துக்கு 3000 மணி நேரம் வானொலி கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதல் நிலையத்தை 300 பேர் கேட்கிறார்கள், தலைக்கு வாரம் 2 மணி நேரம். மொத்தம் 600 மணி. இரண்டாம் நிலையத்தை 150 பேர்தான் கேட்கிறார்கள், ஆனால் தலைக்கு 5 மணி நேரம். மொத்தம் 750 மணி. ரீச், அதாவது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்த்தால் முதல் நிலையம் இரண்டு மடங்கு பெரியது. ஷேர், அதாவது மொத்தம் கேட்ட நேரத்தில் பங்கு என்று பார்த்தால் முதலாவதுக்கு 20 சதவீதம், இரண்டாவதுக்கு 25. இரண்டு நிலையமும் ‘நம்பர் ஒன்’ பேனர் அடிக்கலாம், யாரும் வழக்குப் போட முடியாது.

இதைப் போட்டுப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் புரியும். புது ஆட்களைக் கூட்டிவருவது ஒரு வேலை; வந்தவரை இன்னும் பத்து நிமிஷம் உட்காரவைப்பது வேறு வேலை. முதல் வேலை பேனர், பரிசுப் போட்டி, சினிமா நட்சத்திரப் பேட்டி. அது நிலையத்தின் செலவு. இரண்டாவது உங்கள் வேலை. பாட்டுகளுக்கு நடுவில் பேசும் உங்கள் லிங்க்கின் கடைசி வாக்கியம் என்ன, அடுத்த பாட்டை எப்படிச் சொல்கிறீர்கள், விளம்பர பிரேக்குக்குப் போகும்முன் கேட்பவருக்கு எதை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதில் அது இருக்கிறது. ஆர்.ஜே.யின் வேலையைத் தீர்மானிக்கும் எண் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் கேட்கும் நேரம் என்று சொல்லுங்கள். ரீச் குறைந்ததற்காக உங்களைத் திட்டினால் மரியாதையாக இந்தத் துண்டுத் தாளைக் காட்டுங்கள்.

3. டயரி அளப்பது ஞாபகத்தை.

நான்கு நகரங்களில் ராம் நடந்தது டயரி முறையில். பிரிட்டனில் 1992 முதல் நடக்கும் ராஜர் அளவீட்டுக்கும் பல காலம் டயரிதான் ஆதாரம். முறை எளிது. தேர்ந்தெடுத்த வீட்டில் ஒருவரிடம் ஒரு வாரத்துக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். பக்கத்துக்கு ஒரு நாள். இடப்பக்கம் கால் மணி கால் மணியாக நேரம், மேலே வரிசையாக நிலையங்களின் பெயர். கேட்ட கட்டத்தில் கோடு போட வேண்டும், வீட்டிலா வண்டியிலா என்று குறிக்க வேண்டும்.

கேட்கக் கேட்கக் குறிப்பதுதான் விதி. நடப்பது என்ன? டயரி ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஆள் வந்து வாங்கிப்போவார் என்ற ஞாபகம் வந்ததும் பேனாவைத் தேடி உட்காருவார்கள். திங்கள் காலை சமையலறையில் ஓடியது எது? ஏழு மணிக்குப் போட்டேன், ஒன்பதுக்கு நிறுத்தினேன், எப்பவும் கேட்கிறதுதானே என்று ஏழிலிருந்து ஒன்பது வரை ஒரே நீளக் கோடு. நடுவில் விளம்பரத்துக்குப் பயந்து மூன்று முறை வேறு நிலையத்துக்குத் தாவியது அந்தக் கோட்டில் இருக்காது. பழக்கப்பட்ட, பெரிய பெயருக்கு அது லாபம்; புது நிலையத்துக்கு நஷ்டம்.

ஆகவே டயரியோ, ‘நேற்று எதைக் கேட்டீர்கள்?’ என்று வாசலில் வந்து கேட்கும் ஆய்வோ எதுவானாலும், பெயர் வாயில் வந்தால்தான் கோடு விழும். புதியவர்கள் நிலையத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், விளம்பரம் மாதிரி இருக்கிறதாம். கூச்சப்படாதீர்கள். பாட்டு முடிந்த அந்த நொடியில் முதல் சொல்லாகப் பெயரைச் சொல்லுங்கள், அலைவரிசை எண்ணோடு. உங்கள் சொந்தப் பெயர் இரண்டாவது வரட்டும்.

4. மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

‘டயரி பழசு சார், மெஷின் வெச்சா உண்மை தெரிஞ்சிடும்’ என்று சொல்லும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். அமெரிக்காவில் அந்த மெஷினை வைத்து என்ன நடந்தது என்பதை அவர்கள் படிக்க வேண்டும்.

ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் 2007 முதல் பெரிய நகரங்களில் டயரியை எடுத்துவிட்டு இடுப்பில் மாட்டும் சிறு கருவியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியைக் கலந்து அனுப்பும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே படம் மாறியது. டயரியில் தாங்கள் சொன்னதைவிட மக்கள் கூடுதல் நிலையங்களைக் கேட்டார்கள், ஒவ்வொன்றையும் குறைவான நேரமே கேட்டார்கள். கடையில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் காதில் விழுந்ததெல்லாம் கணக்கில் ஏறியது. இதில் சிறுபான்மையினருக்கான நிலையங்கள் பலவற்றின் எண்கள் சரிந்தன. கருவி கொடுத்த வீடுகளில் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் சரியான அளவில் இல்லை என்ற புகார் எழுந்தது. 2008இல் நியூயார்க், நியூஜெர்சி மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் வழக்கே தொடுத்தார்கள். நிறுவனம் முறையைத் திருத்த ஒப்புக்கொண்டபின் அது முடிந்தது.

அதைவிடச் சுவையான கதை ‘வோல்டேர்’. ஒலிக்குள் குறியைக் கலக்க வேண்டுமானால் அங்கே போதிய ஒலி இருக்க வேண்டும். அடர்த்தியான ராக் இசையில் குறி நன்றாக ஒட்டும். மென்மையான இசையிலும், இடைவெளி விட்டுப் பேசும் பேச்சிலும் நழுவும். இதைக் கண்டுபிடித்த ஒரு கருவித் தயாரிப்பாளர் குறியை அழுத்திக்காட்டும் பெட்டி ஒன்றை அந்தப் பெயரில் விற்றார். 2015இல் அது அங்கே பெரிய சர்ச்சையானது. நிகழ்ச்சி ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரு பெட்டியால் ரேட்டிங் கூடுமானால், அதுவரை எழுதிய எண்களை என்ன செய்வது? அதற்குள் ஆர்பிட்ரானை வாங்கியிருந்த நீல்சன் தன் குறியின் வலுவையே கூட்ட வேண்டிவந்தது. கால் மணியில் ஐந்து நிமிஷம் கேட்டால்தான் ஒரு கணக்கு என்ற பழைய விதியும் அந்தக் கருவி உள்ள ஊர்களில் 2025இல் மூன்று நிமிஷமாகிவிட்டது. கேட்பவர் அதே ஆள், அதே கார், அதே பாட்டு. விதி மாறிய நாளில் நிலையங்களின் எண் ஏறியது.

நமக்கு இதில் என்ன? அந்தக் கருவி வந்த ஊர்களில் நிகழ்ச்சித் தலைவர்கள் முதலில் கைவைத்தது பேச்சில்தான். பேசத் தொடங்கியதும் ஆள் நழுவுவது நிமிஷக் கணக்கில் தெரிந்ததால் பேச்சைச் சுருக்கினார்கள், பாட்டைக் கூட்டினார்கள். சென்னையில் ஒருநாள் மீட்டர் வந்தால் முதலில் உங்கள் லிங்க்கின் நீளம்தான் குறையும். இருபது நொடியில் சொல்ல இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

5. ஒரு தாளைப் பார்த்து கேக் வெட்டாதீர்கள், அழாதீர்கள்.

நகரத்துக்கு 400 பேர் கொண்ட சாம்பிள் என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வந்தால், புள்ளியியல்படி அது 16க்கும் 24க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சென்ற முறை 18, இந்த முறை 20 என்று இனிப்பு கொடுப்பது காற்றுக்கு இனிப்பு கொடுப்பது. அதே 400 பேரில் உங்கள் நிகழ்ச்சிக்கு உரிய வயதுப் பெண்களை மட்டும் பிரித்தால் 60 பேர் தேறுவார்கள். அங்கே தவறு பத்துப் புள்ளி வரை போகும். அந்த அறுபதில் நாலு பேர் ஊருக்குப் போயிருந்தால் காலை நிகழ்ச்சியின் ஆர்.ஜே.யை இரவுக்கு மாற்றிவிடுவார்கள். நடந்திருக்கிறது.

தொடர்ந்து மூன்று நான்கு தாள்கள் ஒரே திசையில் நகர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

6. வரும் அழைப்புகளை ரேட்டிங் என்று எண்ணாதீர்கள்.

இந்த நோய் பழசு. இலங்கை வானொலிக் காலத்தில் நேயர் கடிதம்தான் அளவுகோல். அமீன் சயானி 1952இல் அங்கே தொடங்கிய இந்திப் பாட்டு நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலாவின் வரிசைகூட இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் வைத்துப் போட்டதுதான். இலங்கையின் தமிழ்ச் சேவையிலும் நம் வானொலியிலும் ‘விரும்பிக் கேட்டவர்கள்’ என்று வாசித்த பெயர்ப் பட்டியல் பாட்டைவிட நீளமாகப் போகும். தன் ஊர்ப் பெயர் வானொலியில் வர வேண்டும் என்பதற்காகவே அஞ்சலட்டை வாங்கிய மன்றங்கள் இருந்தன. அந்தக் கட்டுகள் காட்டியது ஆர்வத்தின் ஆழம். பரப்பை அவை காட்டியதில்லை.

இன்று அஞ்சலட்டைக்குப் பதில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். உங்கள் நிகழ்ச்சிக்குத் தினமும் வரும் குரல்களை ஒரு வாரம் எழுதிவையுங்கள். திரும்பத் திரும்ப அதே ஆட்கள். ஒருவர் உங்களிடம் பேசிவிட்டு அடுத்த அரை மணியில் போட்டி நிலையத்திலும் ‘ஹாய்’ சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் நல்ல மனிதர்கள், நிகழ்ச்சிக்கு உயிர் தருபவர்கள். தீபாவளிக்கு இனிப்போடு ஸ்டேஷனுக்கே வருவார்கள். ஆனால் அவர்களுக்குப் பிடித்ததைக் கொண்டு ஊருக்கே பிளேலிஸ்ட் போடாதீர்கள். வாழ்நாளில் ஒருமுறைகூட அழைக்காதவர்தான் உங்கள் நேயர்.

7. அழைக்காதவரைப் பார்க்க வெளியே போங்கள்.

மாதத்தில் ஒரு நாள், ஸ்டேஷன் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு. புரசைவாக்கத்தில் ஒரு தையல் கடைக்குப் போய் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். ரேடியோ அலமாரியின் உச்சியில் இருக்கும், பக்கத்தில் ஊதுவத்தி. டியூனிங் குமிழை ஒரு துண்டு செல்லோடேப் வைத்து ஒட்டியிருப்பார்கள். யாராவது திருப்பினால் மறுபடி பிடிக்க நேரமாகும், வேலை கெடும். அந்தக் கடையில் எட்டுப் பேர் நாள் முழுக்கக் கேட்கிறார்கள். தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதுவும் எப்போதோ. நடுவில் எந்தப் பாட்டுக்கு யந்திரச் சத்தம் ஒரு நொடி நிற்கிறது என்று கவனியுங்கள். எந்த விளம்பரத்துக்கு ஒருவர் கூடவே வாய்விட்டுப் பாடுகிறார் என்று கவனியுங்கள். உங்கள் நீளமான நகைச்சுவை லிங்க்குக்கு யாரும் தலை தூக்கமாட்டார்கள். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

அப்புறம் ஷேர் ஆட்டோ, கோயம்பேட்டில் விடியற்கால மூட்டை இறங்குமிடம், அடுக்குமாடியின் வாட்ச்மேன் நாற்காலி, ஓ.எம்.ஆரில் நகராமல் நிற்கும் கம்பெனி வேன். வீட்டுக் கதவைத் தட்டும் ஆய்வுக்காரர் இவர்களில் பாதிப் பேரை அவர்களின் அறையில் பார்க்கவே முடியாது. சென்னை வானொலியின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் கைகளுக்கு நடுவில் ஓடுகிறது என்பது என் எண்ணம். தாளில் அது எப்போதும் குறைவாகவே தெரிந்திருக்கிறது.

8. போட்டி நிலையத்தை தினமும் கேளுங்கள், ஒருபோதும் பெயர் சொல்லாதீர்கள்.

சிலர் காற்றில் அடுத்த நிலையத்தைக் கிண்டல் செய்வதை வீரம் என்று நினைக்கிறார்கள். மூன்றாம் அறிவுரையில் சொன்ன டயரியை நினைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக அவர் பெயரை நேயரின் வாயில் வைக்கிறீர்கள். அதோடு இது சின்ன ஊர் மாதிரியான தொழில். அடுத்த வருஷம் நீங்கள் அங்கேதான் வேலை கேட்டு நிற்பீர்கள்.

9. பாட்டில் வித்தியாசம் காட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

எல்லா நிலையத்திலும் பாட்டு சினிமாப் பாட்டுதான். அனிருத்தின் புதுப் பாட்டு வெளியான வாரம் குமிழை எங்கே திருப்பினாலும் அதே பாட்டு. இரவு ஒன்பதுக்குமேல் எங்கே திருப்பினாலும் இளையராஜா. பிளேலிஸ்டை நீங்கள் முடிவு செய்யப்போவதில்லை, மென்பொருள் போட்டுக்கொடுக்கும். சோதித்து நன்றாக வந்த சில நூறு பாடல்களையே சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். அலுப்பு உங்களுக்குத்தான். நீங்கள் அதை நாள் முழுக்கக் கேட்கிறீர்கள், நேயர் அரை மணி கேட்கிறார். அதனால் பிளேலிஸ்டை எதிர்த்துப் புரட்சி செய்து சக்தியை வீணாக்க வேண்டாம்.

செய்தியும் உங்களுக்குக் கிடையாது. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவே. ஆனால் போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, உள்ளூர்க் கலை நிகழ்ச்சி, குடிநீர், மின்தடை போன்ற அறிவிப்புகள் எல்லாம் அனுமதிக்குள் வருகின்றன. இந்த இடத்தைப் பல நிலையங்கள் எழுதிக்கொடுத்த துணுக்கால் நிரப்புகின்றன. கத்திப்பாராவில் தண்ணீர் நிற்கிறது என்பதை உண்மையாகவே அங்கே நிற்பவரிடம் கேட்டுச் சொல்லும் ஆர்.ஜே.யை எந்த ஓ.டி.டி.யும் பிரதியெடுக்க முடியாது.

10. எந்தத் தாளிலும் ஏறாத வாரங்கள் வரும். அப்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

2015 டிசம்பர் முதல் வாரம் உங்களில் பலருக்குப் பள்ளிக்கூட வயது ஞாபகமாக இருக்கும். அடையாறு கரை தாண்டியது, மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. பேட்டரி ரேடியோவும், சார்ஜ் மிச்சமிருந்த போனில் ஹெட்செட் மாட்டிக் கேட்கும் பண்பலையும்தான் பல வீடுகளில் மிஞ்சின. ஆகாசவாணியும் தனியார் நிலையங்களும் விளம்பரத்தையும் பாட்டையும் ஒதுக்கிவைத்து, எந்தத் தெருவில் படகு, எங்கே பால் பவுடர், எந்த மண்டபம் திறந்திருக்கிறது என்று வாசித்தன. பண்பலையில் பெயர் வாங்கிய ஆர்.ஜே. பாலாஜியும் நடிகர் சித்தார்த்தும் நிவாரணத்தை ஒருங்கிணைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. பெயர் தெரியாத இரவு நேர ஆர்.ஜே.க்கள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஸ்டூடியோ தரையிலேயே படுத்து எழுந்து பேசினார்கள்.

அந்த வாரம் எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்டார்கள்? எவரும் அளக்கவில்லை. அப்படியொரு நாள் வரும்போது சரியான தகவல்தான் முக்கியம். ஒரு நிவாரண எண்ணை வாசிக்கும் முன் நீங்களே அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். பழைய எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால், மாடியில் நிற்பவர் மிச்சமிருக்கும் சார்ஜையும் அதில் தீர்த்துவிடுவார்.

11. விற்பனைப் பிரிவினரோடு டீ குடியுங்கள்.

ரேட்டிங் எடுப்பது உங்களுக்காக இல்லை. வாங்குபவருக்காக. பத்து நொடிக்கு என்ன விலை என்று பேரம் பேச இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு எண் தேவை; அதற்காகப் பிறந்தது அது. தேசிய விளம்பரங்களை மும்பையிலோ குருகிராமிலோ ஒரு மீடியா பிளானர் பிரிக்கிறார். அவர் வேளச்சேரியைப் பார்த்ததில்லை. கையில் வேறு ஊர்களின் தாளும் ஒரு எக்செலும் இருக்கின்றன, சென்னைக்கு ஒரு தொகையை எழுதுகிறார். 2016இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வானொலி அளவீட்டைப் பற்றிப் பரிந்துரையே கொடுத்தது. யார் செலவு செய்வது என்ற இடத்தில்தான் எப்போதும் தட்டுகிறது. வருமானம் குறைவான தொழிலில் ஊர் ஊராகச் சாம்பிள் எடுப்பது பெரிய செலவு. தோற்பவரும் பணம் கட்ட வேண்டும்.

தி.நகர் ஜவுளிக்கடை முதலாளிக்கு இந்தத் தாளெல்லாம் வேண்டாம். ஆடித் தள்ளுபடிக்கு ஸ்பாட் போட்ட மறுநாள் அவர் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் “ரேடியோல கேட்டு வந்தீங்களாம்மா?” என்று தானே கேட்பார். கேட்டதில் எத்தனை பேர் தலையாட்டினார்களோ அதுதான் அவருக்கு உங்கள் ரேட்டிங். பல வருஷம் நான் பார்த்ததில் அது தப்பான கணக்கும் இல்லை. விற்பனைத் தம்பியிடம் அந்த முதலாளிகள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் குரலைப் பற்றி எந்த அறிக்கையிலும் இல்லாத சேதி கிடைக்கும். பதிலுக்கு, பிரேக்கில் எட்டு ஸ்பாட்டை அடுக்கினால் எட்டாவதை யாரும் கேட்பதில்லை என்று நீங்கள் அவரிடம் சொல்லலாம். சண்டையாகச் சொல்லாதீர்கள். தீபாவளி மாதத்தில் சொல்லவே சொல்லாதீர்கள்.

12. பரிசுக்கு வரும் கூட்டத்தை நம்பாதீர்கள். ஆய்வு நடக்கும் வாரத்தில் தங்கக் காசு கொடுப்பது உலகமெங்கும் உள்ள பழைய தந்திரம். காசு தீர்ந்ததும் கூட்டம் கலைந்துவிடும்.

13. இன்றைய போட்டி பண்பலைக் குமிழில் இல்லை.

நான் பொறுப்பில் இருந்த காலத்தில் நேயர் நம்மை விட்டுப் போனால் அடுத்த நிலையத்துக்குப் போவார். இன்று காரில் ஏறியதும் போன் தானாகவே புளூடூத்தில் ஒட்டிக்கொள்கிறது. 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே சாவனும் கானாவும் யூடியூபும் இருந்தன. பழைய ரேட்டிங் தாளில் இந்தப் போட்டியாளர்களுக்குக் கட்டமே கிடையாது. பண்பலைக்குள் 25 சதவீதம் உங்களுடையது என்று தாள் சொல்லும்; அந்த மொத்தமே சுருங்குவதைச் சொல்லாது. ஷேர் ஏறிக்கொண்டே நேயர் குறையலாம். இரண்டாம் அறிவுரையின் துண்டுத் தாளில் 3000 என்பதை 2000 ஆக்கி, உங்கள் 750 மணியை 600 ஆக்குங்கள். பங்கு 30 சதவீதமாக உயர்ந்திருக்கும்.

செயலியில் வரும் எண் துல்லியம் என்று டிஜிட்டல் பிரிவு சொல்லும். எத்தனை இணைப்பு, எத்தனை நிமிஷம் என்று சர்வர் சொல்லும், உண்மை. அந்த இணைப்பின் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, போனை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாரா என்று அதற்கும் தெரியாது.

14. உங்கள் நிகழ்ச்சியின் பதிவை நீங்களே எடுத்துவையுங்கள்.

ஸ்டேஷன் சர்வரில் எல்லாம் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். வாரம் ஒரு மணி நேரம், பாட்டையும் விளம்பரத்தையும் வெட்டிவிட்டு லிங்க்குகளை மட்டும் தேதி போட்டுச் சேமியுங்கள். எண் ஏறிய மாதத்தையும் இறங்கிய மாதத்தையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் எதுவும் காதுக்குத் தெரியாது. தெரிந்தால் அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

சம்பளம் பேசப் போகும்போதும் அதையே கொண்டுபோங்கள். ‘என் ஸ்லாட்தான் நம்பர் ஒன்’ என்று தொடங்கினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுப்பார். அவரிடம் எப்போதும் வேறொரு தாள் இருக்கும். பதிவைப் போட்டுக் காட்டுங்கள், ஜவுளிக்கடை முதலாளி இரண்டாம் வருஷமும் உங்கள் நேரத்தைக் கேட்டு வாங்கியதைச் சொல்லுங்கள், நீங்கள் கேட்கும் தொகையைச் சொல்லிவிட்டு அவர் பேசும்வரை பேசாமல் இருங்கள். ஆர்.ஜே.க்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் சிரமம்.